நிகர எடை

செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
எதைப் பார்த்தாலும்
கிலோ என்ன விலை என்றுதான் கேட்கிறது புத்தி.
போன மாதம் குலைக்குக் கிலோ எண்பது காசு.

பூபாலனுக்கு டயர் கடை,
பாடாங் செராய் பெரிய சாலையில்
பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி மூன்றாவது.
ஊர்க் கார்களெல்லாம் அவர் முன்னால்
ஒரு காலைத் தூக்கி நிற்கும்.
அவருக்கோ ஒரே ஒரு கார்மேல்தான் மையல்:
குட்டை, அகலம், வெட்டிவிட்டாற்போல் பின்கதவு,
சிலிண்டர் மூன்றே மூன்று,
குரல் மட்டும் எட்டு ஆளுக்கு.

இந்த வருடம் அதைத் திருத்தி இறக்கினார்கள்.
நாட்டுக்கே அறுபதுதான்.
முன்பு இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் வெள்ளி,
இப்போது மூன்று லட்சத்து இருபத்தைந்தாயிரம்.
என்ன கூடியது, கேட்டேன்.
எட்டுக் குதிரை, என்றார்.
அப்புறம்?
திரை கொஞ்சம் பெரிசு. இருக்கையில் சிவப்புத் தையல்.
திரையும் தையலும் இனாம் என்று வைத்துக்கொண்டு
குதிரைகளுக்கு மட்டும் வகுத்தேன்:
தலைக்கு மூவாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து.
நம் வாசலில் மோட்டார் சைக்கிளுக்கே இடமில்லை,
லாயம் எங்கே கட்டுவது?
அவர் சிரிக்கவில்லை.

கிலோவுக்கும் பார்த்தேன், பழக்கம் விடுமா.
காரின் எடை ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
கிலோ இருநூற்று நாற்பத்தெட்டு வெள்ளி.
தெங்கிரி மீன் ஐம்பதுக்கு ஏறியதற்கு
சந்தையில் சண்டை போட்ட மனுஷன்
தலையை ஆட்டிச் சொன்னார்:
மலிவுதான்.

ஐயாயிரம் முன்பணம்.
வரிசையில் ஐம்பத்து நான்காவது ஆள்.
ஒன்பது வருடக் கடன் என்று இனித்த வங்கி
டயர் கடைக் கணக்கைப் பார்த்ததும்
மழையைப் பற்றிப் பேசியது.
மாதத் தவணையை என் சம்பளத்தின் பக்கத்தில் எழுதினேன்.
இரண்டும் வெகுநேரம்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு பினாங்கிலிருந்து ஓர் அழைப்பு.
பல் மருத்துவராம்.
அவருக்கு வேண்டியது அந்த ஐம்பத்து நான்கு.
காரின் பணம் முழுக்க நான் போடுகிறேன்,
பெயரை மட்டும் பிறகு மாற்றித் தாருங்கள்,
உங்களுக்கு இருபதாயிரம்.
இன்னும் வராத வண்டிக்கு
வால்மாட்டில் நின்றிருந்த இடம்.
எடை பூஜ்யம்.
பூஜ்யத்தால் வகுக்க என் கணிப்பொறி மறுத்தது.

பூபாலன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை.
மூன்றாம் நாள்,
புது ஜாக்கி ஒன்று வாங்கலாம் என்றார்,
யாரும் எதுவும் கேட்காமலே.

சுங்கை பட்டாணியில் வண்டியை எடுத்தது வெள்ளிக்கிழமை மாலை.
மருத்துவர் வருவது சனி காலை.
மீட்டர் நாற்பதைத் தாண்டக் கூடாது, அதுதான் பேச்சு.
வீடு வந்தபோது இருபத்தாறு.
மீதிப் பதினான்கை என்ன செய்வதென்று தெரியாமல்
சோறு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இரவு பதினொன்றுக்கு ஆலைக்குப் போனோம்.
காவலுக்கு நின்ற நேப்பாளத் தம்பி
தடுப்பைத் தூக்கி சலாம் வைத்தான், காருக்கு.
நான் இறங்கி அறை விளக்கைப் போட்டேன்.
லாரிகள் ஏறி ஏறி நெளிந்த இரும்பின்மேல்
மெல்ல வந்து நின்றது.
இருக்கையில் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை,
அதன்மேல் வியர்த்தபடி இவர்.
ஒரே ஒருமுறை உறுமவிட்டார்.
குலைக் குவியலுக்குள்ளிருந்து
மரநாய் ஒன்று தெறித்து ஓடியது.

என் விரல் பழக்கத்தில் சீட்டை அடித்துவிட்டது.
மொத்தம் 1390.
வண்டி 1310.
நிகரம் 80.
பொறுப்பு: தவமலர்.
தரம் என்ற கட்டத்தில் ‘பழுத்தது’ என்று விழுந்திருந்தது,
கடைசி லாரியின் மிச்சம்.
விலைக் கட்டம் காலி.

சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டேன்.
கதவைத் திறந்தபடி சொன்னார்:
முப்பத்து மூன்று ஆகிவிட்டது.
வீட்டுக்குச் சரியாக ஏழு.
ஏறி உட்கார்ந்து
பட்டையை இழுத்து மாட்டினேன்.
சுற்று வழியில் போங்கள், என்றேன்.