கூலிக்கும் வரி

முப்பது பவுண்ஸ் பாரமானிக்கு
நாற்பத்தொரு பவுண்ஸ் அனுப்புகூலி.
யோகமலர் கணக்குக் கேட்டபோது
இரண்டையும் கூட்டாமல் சொன்னேன்.

பித்தளை வட்டம். சாப்பாட்டுக் கோப்பை அளவு.
முகத்தில் ஆங்கிலத்தில் ஐந்து சொல்:
புயல், மழை, மாறும், நலம், வறட்சி.
முதுகில் பொறித்திருக்கிறது
டொக்யாட், திருக்கோணமலை, 1938.
இங்கே ஏதோவொரு சுவரில் தொங்கினது.
எவன் பெட்டிக்குள் ஏறிப் போனதோ,
போர்ட்ஸ்மவுத்தில் ஹில்டா என்றொருத்தியின்
கராஜில் கிடந்தது.
உங்கள் ஊருக்கே திரும்புகிறதா, என்ன அருமை,
என்று எழுதினாள்.
பிறகு எழுதினாள், உங்கள் நாடு என் பட்டியலில் இல்லை.
பிறகு, இருக்கிறது, ஆனால் காப்புறுதி இல்லை.
பிறகு, பெட்டி பெரிது,
கூலியில் இன்னொரு ஆறு கூடும்.

முதல் வாரம், புறப்பட்டது என்றது கைபேசி.
இரண்டாம் வாரமும் புறப்பட்டது என்றது.
மூன்றாம் வாரம் டுபாய்.
அதற்குப் பிறகு சிங்கப்பூர்.
சிங்கப்பூரில் என்ன அலுவல் அதற்கு?
எங்கள் தலைக்கு மேலால் பறந்துபோய்
இறங்கவேண்டிய தரிப்பில் நித்திரையாய்ப் போனவன்போல
மற்ற பஸ்ஸில் திரும்பி வருகிறது.

கொட்பேயில், ஐஸ் ஆலையில், கணக்குமேசை எனக்கு.
யன்னலால் எட்டினால் உட்துறைமுகம்.
மாவு ஆலைக்குக் கோதுமை ஏற்றி
ஒரு கப்பல் நிற்கும். அதன் பின்னால் இன்னொன்று.
எவ்வளவு ஆழம், எத்தனை கப்பல் கொள்ளும் என்று
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய குடா.
ஒரு கடற்படையே ஒளித்து நிற்கலாம்.
என் பெட்டி ஒன்று இறங்க வழியில்லை,
அது கொழும்பால்தான் வரவேண்டும்.

சுங்கத்தில் தடுத்துவைக்கப்பட்டுள்ளது.
பத்தொன்பது நாள் அந்த ஒரு வரி.
விடிய எழும்பிப் பார்த்தேன், படுக்கமுன் பார்த்தேன்,
உப்புவெளியில் ஒரு கலியாணவீட்டில்
சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு
இடக்கையால் பார்த்தேன்.

ஒருநாள் மிஸ்பாஹ் துண்டு கொண்டுவந்தார்,
சைக்கிளால் இறங்காமல், ஒரு கால் மதிலில்.
"நேர போகோணுமாம் அண்ணன்."

இரவு ரயில். கல்ஓயாச் சந்தியில்
எதற்கென்று தெரியாமல் நாற்பது நிமிடம்.
கொழும்பில் எனக்கு எண் அறுபத்துமூன்று.
உத்தியோகத்தன் இளம் பெடியன், நல்லவன்,
கதிரை தந்தான். பாரமானியைக் காதில் வைத்துக் குலுக்கினான்.
பழசா?
பழசு.
பாவித்த பழசா, தொல்பொருளா?
தொல்பொருள் என்றால் வேறு கந்தோர்.
பாவித்தது, என்றேன் அவசரமாக.
உற்பத்தி நாடு?
முதுகைத் திருப்பிக் காட்டினேன்.
வாசித்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான்.
பிரித்தானியா என்று எழுதினான்.
பொருளுக்கு முப்பது, கூலிக்கு நாற்பத்தொன்று,
மொத்தம் எழுபத்தொன்றுக்கும் வரி.
வந்த வழிக்கு ஏன் தம்பி வரி?
சட்டம் அப்படி, என்றான்.
அவனுக்கும் விளங்கவில்லைப் போல.

வீட்டில் வைத்துப் பிரித்தோம்.
கண்ணாடி தப்பியிருந்தது.
ஊசி மட்டும் புயலையும் தாண்டி
எழுத்தில்லாத இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.
விமானத்தின் வயிற்றுக்குள்
காற்று மெலிய மெலிய இறங்கியிருக்கும்,
தான் உயரப் போவது தெரியாமல்
உலகம் முடியப்போகுது என்று நம்பியிருக்கும்.
வெளியே கச்சான் அடிக்கிறது,
வானத்தில் ஒரு கீற்று முகிலில்லை.
நான் தட்டினேன். யோகமலர் தட்டினாள்.
திருப்பி அனுப்புவமே, என்று தொடங்கியவள்
தானே நிறுத்திக்கொண்டாள்.

வெறும் பெட்டியை வாசலில் வைத்தோம்.
விடிய, கோட்டைப் பக்கத்து மான் ஒன்று,
கொம்பு முளைக்கத் தொடங்கின கடா,
முத்திரை மூலையில் தொடங்கி
டுபாயை, சிங்கப்பூரை,
கவனம் உடையும் என்ற சிவப்பெழுத்தை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
சுங்கப் பற்றுச்சீட்டை மாத்திரம் துப்பியது.

அதைக் கழுவிக் காயவிட்டிருக்கிறேன்.
ஹில்டாவுக்கு முறைப்பாடு எழுத
அந்த இலக்கம் வேணும்.