ஒன்பது எண்பத்து நான்கு

கணபதியில் எங்கள் பம்ப் கம்பெனி.
சோதனைக் கொட்டகையில்
தொட்டிக்குத் தொட்டி தண்ணீரை ஏற்றி இறக்கி
மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை.
தண்ணீருக்கு ஒரு சௌகரியம்:
நூறடிக் கிணற்றிலிருந்து ஒரே மூச்சில் மேலே வரும்,
அதற்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு ஆகும்.

ராத்திரி சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
அட்டவணையை விரிக்கிறேன்.
முப்பத்தாறு மீட்டர், இருபத்தைந்து நிமிடம்.
இடது ஓரத்தில் விரலை இறக்கி
அங்கிருந்து வலப்பக்கம் நடந்தால்
ஆறு மீட்டரில் ஐந்து நிமிடம் நில்,
மூன்று மீட்டரில் இருபது நிமிடம் நில்.
நில் என்றால் நில்.
உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன்
தானாக, மெதுவாக வெளியே போகணும்.
அவசரப்படுத்தினால் மூட்டுக்கு மூட்டு கோலிசோடா.

மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது.
நாலு மாதத் தவணை பாக்கி.
அடியில் அது செத்துப்போனால்
தவணைதான் உயிரோடு இருக்கும்.
அதனால் பென்சில்.
அம்மா கொடுத்தனுப்பிய மாப்பிள்ளை ஜாதகம்,
பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.
நிமிடத்துக்குப் பதினெட்டு லிட்டர் என் மூச்சு,
அடியில் அழுத்தம் நாலரைக்கு மேல்,
பெருக்கினால் எண்பத்து மூன்று.
தாளின் மறுபக்கத்தில்
ஏழாம் இடத்துச் செவ்வாய்
மசி ஊறித் தெரிகிறது.

டூல்ரூம் வெள்ளிங்கிரியும் அவர் வீட்டில் தனியாகப் போடுவார்.
ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது,
விடை ஒத்துப்போனால்தான் இறங்குவது.
சனிக்கிழமை டீக்கடை பெஞ்சில் இரண்டையும் வைத்தோம்.
எனக்கு ஐந்து, இருபது.
அவருக்கு ஒன்பது, இருபத்தாறு.
"ஏனுங், எங்கயோ உதைக்குதுங்க."

பெருக்கலில் இல்லை.
கூட்டலில் இல்லை.
இரண்டாவது டீ ஆறிப்போன பிறகு
பெயரிலேயே மலையை வைத்திருக்கிறவர் கேட்டார்,
"கோயமுத்தூர் கடல் மட்டத்துலயாங்க இருக்குது?"

கணவாய்க் காற்று தாளைத் தூக்கியது.
அந்தக் காற்றுக்கு அந்தாண்டதான் கடல்.
நாங்கள் நானூறு மீட்டர் மேலே.
எங்கள் தலைமேல் காற்று கொஞ்சம் குறைச்சல்.
அதைத் தினமும் என் கையால் எழுதுகிறேனே,
உறிஞ்சும் உயரத்துக்கு நேராக,
காலை ஒன்பதரைக்கு, நீல மையில்:
பத்து முப்பத்து மூன்று அல்ல,
ஒன்பது எண்பத்து நான்கு.
பம்புக்குக் கழித்தவள்
எனக்குக் கழிக்க மறந்திருக்கிறேன்.

திரும்பப் போட்டோம்.
முப்பத்தாறு என்பது முப்பத்தேழே முக்கால்.
நல்ல தண்ணீர் என்று சலுகை கொடுத்தாலும்
முப்பத்தாறுக்கு ஒரு முடியளவு மேலே.
முடியளவுக்கும் அடுத்த வரி.
இந்த வியாபாரத்தில் சில்லறையைத் தள்ளுபடி செய்வதில்லை.
காற்றைக் கூட்டினால் மிச்சம் ஐம்பத்தெட்டு லிட்டர்.
அடியில் அது முக்கால் நிமிடம்கூட வராது.
"அஞ்சு நிமிஷம் கொறச்சுக்கலாமுங்க."
குறைத்தோம். கடைக்காரர்
காலி கிளாஸ்களை எடுக்கும் சாக்கில்
கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு
"சீட்டுங்களா?" என்றார்.

ஞாயிறு. நாச்சிபாளையத்துக்கு அந்தாண்ட
கைவிட்ட கல்குவாரி.
அடியில் பார்த்தது என்ன என்கிறீர்களா?
துளைபோட்ட கல், ஒரு டிப்பரின் கதவு, பச்சை இருட்டு.
அதற்காக இத்தனை கணக்கா என்று
அம்மா கேட்டால் பதில் இல்லை.

இப்போது மூன்று மீட்டரில்
கயிற்றைப் பிடித்து நிற்கிறோம்.
தலைக்கு மேலே வெயில் உடைந்து உடைந்து சேர்கிறது.
விளிம்பில் ஓர் ஆடு எங்கள் குமிழிகளைப் பார்க்கிறது.
கையை நீட்டினால் காற்று, அவ்வளவு பக்கம்.
ஒரு தள்ளு தள்ளினால் போதும்.
வெள்ளிங்கிரி சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்:
பசிக்குதுங்க.
வாங்கி, அதற்குக் கீழே எழுதுகிறேன்:
பதினொன்னு இருக்குதுங்க.