நூற்றுப் பதினெட்டு கிராம்

பெறுநரும் நானே, பட்டுவாடா செய்தவளும் நானே.
கொரடாச்சேரி துணை அஞ்சலகத்தில்
ஒரு புதன்கிழமை
என் பெயருக்கு வந்த பெட்டியில் முத்திரை குத்தி
என்னிடமே கையெழுத்து வாங்கினேன்.

உள்ளே அட்டைக் குழாய், பால்சா பலகை,
நூல், பிளாஸ்டிக் குடை,
படம் போட்ட ஒரே ஒரு தாள்.
படத்தில் இருந்தது
நான் பிறக்கும் முன்பே யாரோ வரைந்த எதிர்காலம்:
வயிறு பெருத்து, மூக்கு ஊசியாகி,
நிமிர்த்தி வைத்த வாழைப்பூப் போல.
மூன்று துடுப்பும் கருக்கரிவாள் வளைவு.
இப்படி ஒரு தொப்பையோடு
யாரும் நிலவுக்குப் போனதில்லை.
அதனாலேயே வாங்கினேன்.

பத்து நாள் ஆனது.
தை மாதப் பனி. இரவில் அடித்த சிவப்பு
விடிவதற்குள் பால்திரை போட்டுக்கொண்டது.
தேய்த்து மறுபடி அடித்தேன்.
ஒரு துடுப்பை நாரோட்டம் பார்க்காமல் வெட்டி
விரலிடுக்கிலேயே முறித்தேன்.
மூக்கில் அடைக்கத் தந்த களி உருண்டையை
எலி கொண்டுபோனது, அல்லது
குப்பையோடு நானே கூட்டியிருக்கலாம்.
வெண்ணாற்றில் ஒரு கைப்பிடி வண்டல் எடுத்து
உலர்த்தி, உருட்டி, வைத்தேன்.
எடை சமமா என்று பார்க்க
நூலில் கட்டித் தலைக்குமேல் சுழற்ற வேண்டுமாம்.
கவுண்டரைப் பூட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச்
சுழற்றிக்கொண்டிருந்தேன்.
ஜன்னலில் மெய்யழகன்:
"என்ன மேடம், சாமி வந்துருக்கா?"

கிளை அஞ்சல்களுக்குப் பை கொண்டுபோகிறவன்.
மொபெட் பேட்டரி அவனுடையது,
இடம் தேடியதும் அவன்தான்.
அறுத்த வயலெல்லாம் உளுந்து முளைத்துக் கிடக்கிறது,
மிதித்தால் பஞ்சாயத்து.
மிச்சத்தில் ஒன்றின் மேல் மின்கம்பி,
ஒன்றின் ஓரம் தண்டவாளம்.
கடைசியில் நீர் வடியாத ஒரு தாக்கு,
வரப்பு மட்டும் காய்ந்தது.

ஞாயிறு காலை ஆறரை.
தூரத்து எண்ணெய்க் கிணற்றுச் சுடர்
சாயாமல் நின்று எரிந்தது,
காற்றில்லை என்பதற்கு அதுவே சாட்சி.
பத்திலிருந்து எண்ணினான். பூஜ்யம்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு நிமிடம் பொறுத்து
கிளிப்பைச் சுரண்டி மறுபடி மாட்டினேன்.
இந்த முறை மூன்றிலிருந்து ஆரம்பித்தான்.
ஒன்று என்பதற்குள் நான் அழுத்திவிட்டேன்.

புதுத்துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தம்.
பிறகு கம்பி மட்டும் ஆடிக்கொண்டு நின்றது.
மேலே ஒரு வெள்ளை இழை,
இழையின் நுனியில் என் பத்து நாள்.
எரிந்து முடிந்தும் ஏறிக்கொண்டே இருந்தது.
அந்த ஐந்து விநாடியை
எந்தப் பதிவேட்டில் வரவு வைப்பது?
டப்.
குடை விரிந்தது.

அப்போதுதான் பக்கத்து வயல் கேட்டது.
எண்ணூறு வாத்து
ஒரே வாத்தாகி வாய்க்காலில் இறங்கின.
செஞ்சிப் பக்கமிருந்து மேய்க்க வந்த ஏழுமலை
எங்களை வைதது அத்தனையும் நியாயம்.
வைதுகொண்டே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி
ராக்கெட்டைத் தூக்கி வந்தார். துடுப்பு ஒன்று இல்லை.
அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தவர்
வசவைப் பாதியில் விட்டுவிட்டு,
"முட்டைக்கு நிக்கிற வாத்தாட்டம் இருக்கே" என்றார்.
பிறகு மீதி வசவு.
ஒன்பது மணிவரை சேற்றில் நின்று
மூன்று பேரும் எண்ணினோம்.
மூன்று பேருக்கும் மூன்று கணக்கு.
அவர் கணக்கில் இரண்டு குறைந்தது,
அதற்கே பணம் கொடுத்தேன்.

திங்கள், கதவு திறக்குமுன்
தபால் தராசில் வைத்தேன்.
போகும்போது நூற்றுப் பதினெட்டு.
மருந்து பதிமூன்று, புகையாய்ப் போனது.
துடுப்பு இரண்டு, வாய்க்காலில்.
சேறு நான்கு, கூடுதல்.
நூற்றேழு காட்டுகிறது. கணக்கு சரி.
சரியாக இருந்தும்
சேதமடைந்த பார்சலுக்கான படிவத்தை எடுத்து
அனுப்பிய இடம் வரை நிரப்பிவிட்டேன்.
சென்றடைந்த இடம் என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
யாரோ ஜன்னலைத் தட்டுகிறார்கள்,
கைரேகை விழவில்லையாம்.