ஒழுகல் கணக்கு

தாது வருஷம், ஆவணி ஆறு.
விளக்கு எரிந்தது. காற்று தென்மேற்கு.
வடக்கே போன கப்பல் இரண்டு.
இவ்வளவுதான் எழுத இடம்
பட்டணத்தில் கோடு போட்டு அனுப்பிய ரிஜிஸ்தரில்.

பழவேற்காட்டு ஏரியின் வடகோடி.
ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் நாடா,
அதன்மேல் கோபுரம்,
சுட்ட கிளிஞ்சலும் வெல்லமும்
கடுக்காய்த் தண்ணீரும் குடித்து எழும்பியது.
தெற்கு முகத்தில் வெடிப்பு. என் கை உள்ளே போகும்.
மாசியில் நூற்றுப்பன்னிரண்டு ரூபாய் கேட்டேன்.
ஆனியில் பதில் வந்தது:
"கை என்றால் எத்தனை அங்குலம்?"

இங்கே பேரம் தமிழில், வசவு தெலுங்கில்,
எஸ்டிமேட் மட்டும் இங்கிலீஷில்.
கிளிஞ்சல் பொறுக்கும் யானாதிப் பெண்கள்
கூலியை நெல்லாய்க் கேட்டார்கள்.
நெல் இல்லை. அணா கொடுத்தேன்.
சென்சம்மா அதை முகர்ந்து பார்த்து
என் மேஜைமேல் திரும்ப வைத்தாள்.
"இதி உடகது."
உண்மைதான். அணா வேகாது.

புரட்டாசியில் எண்ணெய் குறையத் தொடங்கியது.
விளக்கு ராத்திரிக்கு மூன்று படி குடிக்கும்.
நாலு போயிருந்தது. பிறகு நாலரை.
லாந்தர்காரன் பாபய்யாவை நான் கேட்கவில்லை.
கீழே குடிசைகளில் காட்டுக்கிழங்கு வதங்கியது;
எந்த எண்ணெயில் என்பது
மூக்குக்குத் தெரியும், ரிஜிஸ்தருக்குத் தெரியாது.
திரியை ஒரு விரற்கடை இறக்கினான் அவன்.
அதையும் பார்த்தேன்.
மணல்திட்டில் ஒரு கப்பல் தட்டினால்?
அந்தக் கேள்வி எண்பத்தேழு படியும் ஏறி
எண்பத்தேழு படியும் இறங்கியது,
விடியும் வரை.

எழுதினேன்: "உப்புக்காற்றால் டின்கள் ஒழுகுகின்றன."
நல்ல கையெழுத்தில் ஒரு பொய்.

வெடிப்புக்கு நாலு மாதம் யோசித்தவர்கள்
டின்னுக்குப் பன்னிரண்டே நாளில் எழுதினார்கள்.
சர்க்கார் எண்ணெய் மண்ணில் போவதாவது!
ஈயம் வைக்கிற ஆள் கால்வாய்ப் படவில்
புறப்பட்டாயிற்று.

ஐப்பசியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை.
ஏரி பின்வாங்கி வெள்ளையாய்க் கிடந்தது.
படவு தரைதட்டி, ஹயாத் சாயபு
தலையில் உலைச்சட்டியோடு
சேற்றில் நடந்து வருவதை மேலிருந்து கண்டேன்.
ஒரு நாழிகைத் தூரம்.
டின் ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

ஓடினோம். பாபய்யா ஆணி பிடித்தான், நான் அடித்தேன்.
காலி டின்னில் அடித்திருக்கலாம்,
அந்த நேரத்தில் அவ்வளவு புத்தி இல்லை.
முதல் ஓட்டையிலேயே எண்ணெய் பீறிட்டது.
உள்ளங்கையை ஏந்திக்கொண்டு
அவன் தெலுங்கில் ஒரு கத்து கத்தினான்.
பிள்ளைகள் வந்தார்கள்,
சிரட்டையோடு, சட்டியோடு,
ஒருத்தி தன் பாவாடையை ஏந்திக்கொண்டு.
ஒன்பது ஓட்டை.
மண்ணில் விழுந்தது
எறும்பு தேடிக்கொள்ளும் அளவு.

சாயபு உலையை ஊதினார். டின்னைப் புரட்டினார்.
ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.
"உப்பு தின்ற தகரம் உதிரும், குமாஸ்தா.
இது உள்பக்கம் மடிந்திருக்கிறது."
நான் கடலைப் பார்த்தேன்.
அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.
இரும்பு பழுக்கும் வரை அவரும் பேசவில்லை.
பிறகு குரலைத் தணித்து,
"ஒழுகினது எத்தனை பேர்?"
"முப்பத்தொன்பது," என்றேன்.
"சின்னதுகளைச் சேர்த்தா?"
"சேர்த்து."

எட்டு ஓட்டையை அடைத்தார்.
ஒன்பதாவதற்குக் கந்தலில் ஒரு முளை செருகி,
"ஈயம் தீர்ந்தது, ஒழுகல் தொடரும்"
என்று என்னை எழுதச் சொல்லி
உருதில் கையெழுத்திட்டார்.
ராத்திரி எங்களோடு கிழங்கு தின்றார்.
உப்பு போதவில்லை என்றார்,
சுற்றிலும் உப்பளம்.

ஐப்பசி இருபத்துமூன்று.
விளக்கு எரிந்தது. காற்று வடகிழக்கு, ஈரமில்லை.
கப்பல் ஒன்று, தெற்கே,
அரிசி மூட்டைகளோடு, நிற்கவில்லை.
தெற்கு வெடிப்பு: அங்குலத்தில் கேட்டிருந்தீர்கள்.
இப்போது முழங்கை வரை.