நாக்கு

மைனஸ் முப்பத்தொன்று அன்றைக்கு.
டொரொண்டோவிலிருந்து வந்து இறங்கினாள் லெனோரா ஹவ்ரிலுக்,
குதிகால் செருப்போடு.
மூன்றே நாள் வேலை என்றாள்.
செத்துப்போன அப்பாவின் ஆணிக்கடையை விற்கணும்:
கையெழுத்து, சாவி, விமானம்.
சொல்லும்போதே கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.
எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது இரண்டே இடத்தில்.
ஒன்று கல்லறைத் தோட்டம்.
இன்னொன்று,
வெள்ளிதோறும் நான் பிங்கோ எண் கூப்பிடும் கர்லிங் கூடம்.

ஊர் கோல்பர்ன். சஸ்காச்சுவான் சமவெளி.
மசூர் பயறு விளைகிற மண் என்பதால்
நெடுஞ்சாலை ஓரமாக முப்பதடிக்கு
தகரத்தில் ஒரு பருப்பு செய்து நிறுத்தியிருக்கிறோம்.
போகிறவர்கள் பறக்கும் தட்டு என்று நினைத்துப் படமெடுக்கிறார்கள்.
நாங்கள் மறுப்பதில்லை.
காப்பி விற்கிறது.

எட்டு வயதில், ஒரு ஜனவரியில்,
பந்தயம் கட்டி அந்தப் பருப்பை நக்கினாள் லெனோரா.
ஒட்டிக்கொண்டது.
தீயணைப்புப் படை முழுதாக வந்தது:
இரண்டு பேர், ஒரு கெட்டில் வெந்நீர்.
அன்றிலிருந்து அவள் பெயர் நாக்கு.
பள்ளி ஆண்டு மலரிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.
(இருபத்தைந்து காசு பந்தயம் கட்டியவன் நான்.
இன்னும் கொடுக்கவில்லை.)

இப்போது நாற்பத்தொன்றாம் மாடியில் உட்கார்ந்து
கம்பெனிகளை வாங்கும் கம்பெனிக்காகப் பேசுகிறாள்.
விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே மூன்று வரிப் பதவி.
மளிகைக்கடை பெர்னிஸ் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து,
"எல்லாம் சரி, நாக்கு,
கம்பளிக் காலுறை கொண்டுவந்தியா?" என்றாள்.

வெள்ளி இரவு கூடத்தின் மூலையில்
ஒரு காதில் வான்கூவர் படகுக் கம்பெனி.
அவர்கள் ஐம்பத்திரண்டு மில்லியனில் நிற்கிறார்கள்.
முன்னால் பெர்னிஸ் திணித்த பிங்கோ அட்டை.
மரியாதைக்காகப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள்.
நான் மைக்கில்:
"ஜி, நாற்பத்தேழு!"
எதிர்முனையில் மூச்சே இல்லை.
"நாற்பத்தேழா? இதுதான் முடிவா?"
அவள் வாயைத் திறக்குமுன்
நான் இன்னொரு முறை, தெளிவாக,
செவிட்டு ஓல்சனுக்காக:
"நாற்பத்தேழு!"
அப்போதுதான் அவள் அட்டையைப் பார்த்தாள்.
"பிங்கோ!"
வான்கூவர் அப்படியே சரணடைந்தது.

ஐந்து மில்லியன் மிச்சமானதற்கு அவள் சிரிக்கவில்லை.
பரிசு அரைப் பன்றி, உறைந்தது, காகிதம் சுற்றியது.
அதற்கு மேசைமேல் ஏறிவிட்டாள்.
குதிகால் ஒன்று ஒடிந்தது.

சனிக்கிழமை ரெஜினாவிலிருந்து கடையை வாங்க ஒருவன் வந்தான்.
அவன் விலை பேசும் நேரம்
கிழவர் டெட்ரோ வந்து கேட்டார்:
ஒரு திருகாணி. ஒன்றே ஒன்று. கோழிக்கூண்டுக் கதவுக்கு.
லெனோரா பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல்
பின்னால் கை நீட்டி
இடமிருந்து நான்காம் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.
பதினெட்டு வருடமாகத் தொடாத இழுப்பறை.
கொடுத்த கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அப்புறம் விலையை மூன்று தடவை ஏற்றினாள்.
ரெஜினாக்காரன் போய்விட்டான்.
"பேரம் பேசும் உத்தி" என்றாள் என்னிடம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு, விமானக்காரர்கள் பன்றியை ஏற்ற மறுத்தார்கள்.
தின்று தீர்த்துவிட்டுப் போகிறேன் என்று
டொரொண்டோவுக்கு மின்னஞ்சல் போட்டாள்.
அதை மருத்துவக் காரணம் என்று எப்படி எழுதினாள்,
அவளுக்கே வெளிச்சம்.

பன்றி மார்ச்சில் தீர்ந்தது.
இது ஜூன்.
மற்ற பாதியையும் ஜெயித்தாகணும் என்கிறாள்.

கம்பெனி அழைப்புகளைக் கல்லறைத் தோட்டத்தில்
அப்பா பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு எடுக்கிறாள்.
உயிரோடு இருந்தபோது அவர் போன் செய்தால்
மீட்டிங்கில் இருந்தவள்.
இப்போது எல்லா மீட்டிங்கிலும் அவர் இருக்கிறார்.

நேற்று எனக்கு ஒரு பில் வந்தது, கடை முத்திரையோடு:
பந்தயப் பணம், இருபத்தைந்து காசு.
முப்பது வருடக் கூட்டு வட்டி.
வெந்நீர்ச் செலவு தனி.