உறவுமுறை

லெமிங்டனில் பெப்ரவரி இரவுக்கு இருட்டில்லை.
கண்ணாடிக் கூடங்களின் விளக்குகள்
மேகத்தின் அடிவயிற்றை
மஞ்சளும் ஊதாவுமாகக் காய்ச்சிக்கொண்டிருக்கும்.
ஸ்காபரோவிலிருந்து நாலு மணித்தியாலம் ஓட்டி வந்து
விடுதியில் திரையை இழுத்து மூடிப் படுத்தேன்.
கிலோமீற்றருக்கு இவ்வளவென்று அமைச்சு தரும்.

காலை, நூலகத்தின் பின்னறை.
சிறுவர் கதைநேரத்துக்கான கம்பளம்,
அதில் கழுத்து தேய்ந்த ஒட்டகச்சிவிங்கி.
அதிகாரி ஷெரில் வீப்
கண் துடைக்கும் தாள்ப் பெட்டியை
மேசை நடுவில் வைத்தார்,
யோசித்துவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தார்.

கூட்டாதே. குறைக்காதே.
அவன் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்று சொல்.
இவை என் தொழிலின் விதிகள்.
ஆகவே பத்து மணி முதல்
நான் ஜெபஸ்டின்.
வெள்ளரிக்காய்க்கு உறை போடும் பட்டையருகே
பதினான்கு மணிநேரம் நிற்கிறேன்.
என் வலதுகைச் சுண்டுவிரல் மடங்காது.
என் பாஸ்போர்ட் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது,
டின்னை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

வயது?
“யாருக்குக்கா? எனக்கா, பாஸ்போர்ட்டுக்கா?”
அப்படியே சொன்னேன். பேனா நின்றது.
“அதுக்கு இருபத்திரண்டு.
எனக்கு, வர்ற சந்தியாகப்பர் கொடியேத்தத்துக்குப் பதினேழு.”
கொடியேற்றம் எந்த மாதமென்று கேட்டார்.
ஜூலை.
அவர் விரலை மடக்கி எண்ணியது
மேசைக்கு அடியில்.

“ஒன்பது லட்சம், அப்பா வள்ளத்தை வச்சு வாங்கினது.
நான்தான் முடிக்கணும். அது என் கடன்.”
அந்தக் கடைசிச் சொல்லுக்கு
அவர் மொழியில் இரண்டு கதவு.
ஒன்று வட்டி கேட்கும்,
மற்றது ஒன்றும் கேட்காது.
அரை நொடியில் வட்டிக் கதவைத் திறந்தேன்.
இன்னும் எனக்குத் தெளிவில்லை.

கூட்டி வந்தது யார்?
“அண்ணன்.”
உடன்பிறந்த மூத்தவன் என்று
ஆங்கிலத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.
மூன்றாம் பிரிவில், உறவுமுறை என்ற இடத்தில்,
‘குடும்பம்’ என்ற கட்டத்தில்
ஷெரில் ஒரு சரி போட்டார்.

எனக்குத் தெரியும் அந்தச் சரி போகும் ஊர்.
இந்தத் தாள் வேறு தட்டுக்கு மாறும்,
சகோதரர்களுக்குள் சம்பளத் தகராறு,
ஆள் கடத்தல் இல்லை,
கோப்பு மூடும்.

“மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்.”
விதிப்படி என்னை நான்
படர்க்கையில்தான் சொல்ல வேண்டும்.
“இவர்கள் மொழியில் பஸ் கண்டக்டரும் அண்ணன்,
கதவை வெளியே பூட்டிப் போகிறவனும் அண்ணன்.
அந்த அண்ணனின் தாயார் பெயர் என்னவென்று
சாட்சியிடம் கேட்கும்படி
மொழிபெயர்ப்பாளர் வேண்டுகிறார்.”

கேட்டார். கேட்டேன்.
அன்று முதல்முறையாகச் சிரித்தான்.
“அவருக்கு அம்மால்லாம் இருக்காங்களா?”
சரி வெட்டப்பட்டது.
வெட்டின் பக்கத்தில் ஷெரிலின் முதலெழுத்துகள்,
சிறியவை, சாய்ந்தவை.

மொழிபெயர்ப்பாளர் சொல்லாதது:
தொண்ணூற்று நாலில், பாங்கொக்கில்,
ஜன்னல் இல்லாத அறைக்குச் சோறு கொண்டு வந்தவரை
அவர் மாமா என்று கூப்பிட்டார்.
பன்னிரண்டு வாரம்.
அதைக் கேட்கும் படிவம் எவர் கையிலும் இருக்கவில்லை.

பிறகு நடைமுறைகள்.
எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதிக்கு மனு,
விண்ட்சரில் ஒரு காப்பகம்,
ஐந்து வேலைநாள், பத்தும் ஆகலாம்.
பிஸ்கட் டின்னுக்கு இன்று மாலையே ஆள் போகும்.

“நாம ஜெயிச்சிருவோமாக்கா?”

‘நாங்க’ என்று சொல்லவில்லை அவன்.
மேசையைச் சுற்றி இருந்த எல்லாரையும்
உள்ளே கூட்டிவிட்டான்.
ஆங்கிலத்தில் அதற்கும் இதற்கும் ஒரே சொல்,
யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லாது.
அதையே சொன்னேன்.
ஷெரில் வாக்குக் கொடுக்க முடியாதென்றார்.
அதையும் சொன்னேன்.

கடைசியாக என் தாள்.
தொடக்கம் பத்து. முடிவு இரண்டு நாற்பது.
சாட்சிக்கும் உங்களுக்கும் உறவு ஏதும் உண்டா?

இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
“அக்கா, பேனா நம்மளுது,” என்றான்,
நீட்டினேன்,
மடங்காத விரலோடு வாங்கிக்கொண்டான்.