வாய்தாவுக்கு முந்தின நாள்

மூலப்பத்திரம் தேடித்தான் அட்டாலி ஏறினேன்.
நாளைக்குத் தாராபுரம் கோர்ட்டில் வாய்தா.
நகல் செல்லாது என்றுவிட்டார் வக்கீல்.
கையில் முதலில் தட்டுப்பட்டது
எலி கடித்த வேட்டைப் பை.

கவுதாரிக் கண்ணி ஏழு,
குதிரைவால் மயிரில் முறுக்கியவை,
ஒன்றில் இன்னும் இறகுத் துணுக்கு.
பேட்டரி கசிந்து பச்சை பூத்த நெத்தி லைட்,
வார்ப்பட்டையில் எங்களில் எவன் வேர்வையோ
உப்பாக நிற்கிறது.
முயல் வலை பாதிதான்.
மீதியை அவரைப் பந்தலுக்குக் கட்டினாள்
என் வீட்டுக்காரி.
கேட்டுவிட்டுத்தான் கட்டினாள்.

அப்புறம் உண்டைவில்.
அமராவதிக் கரை மூங்கில், மூன்று முழம்,
சைக்கிள் ட்யூப் சுற்றிய பிடி,
இரட்டை நாண்,
நடுவே உண்டை உட்காரச் செருப்புத் தோல்.
நாணைக் கழற்றாமலே வைத்திருக்கிறோம், மடையர்கள்.

தூக்கியதும் என் இடது மணிக்கட்டு
தானாக வெளிப்பக்கம் திரும்பியது,
முப்பத்தோரு வருஷம் கழித்தும்.
அப்படித்தான் திரும்ப வேண்டும்.
விடுகிற நேரத்தில் கை ஒதுங்காவிட்டால்
உண்டை கவுதாரிக்குப் போகாது,
வில் பிடித்த பெருவிரலுக்கு வரும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் எட்டு உண்டைகள்.
குளத்துக் களிமண்ணை உருட்டி
சூளைக்காரர் சோறு தின்னப் போன நேரம்
செங்கல்லுக்கு இடையில் செருகிச் சுட்டவை.
என்னுடையவை கோணல்.
சிகாமணி உருட்டினால் கோலிக்குண்டு.
கடைசியில் பெருவிரலால் ஒரு அழுத்து,
'கம்பெனி முத்திரைடா பங்காளி' என்பான்.

சிகாமணி, என் பெரியப்பன் மகன்.
கோர்ட்டுக் காகிதத்தில்
வாதி தெய்வசிகாமணி. பிரதிவாதி நான்.

மூலனூருக்குத் தெற்கே எங்கள் கொறங்காடு.
கொழுக்கட்டைப்புல் பனியில் முழங்கால் நனைய
வெள்வேல மரத்தடியில் மூச்சை அடக்கிக் கிடந்தோம்.
வில் ஒன்று, ஆள் இரண்டு.
அவன் பிடித்தான், நான் இழுத்தேன்.
விடும்போது 'விட்டேன்' என்று சொல்ல வேண்டும்,
அவன் கையைத் திருப்பிக்கொள்ள.
கவுதாரி சடாரென்று எழுந்தது.
நான் சொல்லவில்லை.

நகம் பிளந்து சதைப்பக்கமும் இறங்கியது வெட்டு.
சூளைச் சாம்பல் வைத்துக் கோவணத் துணியில் கட்டினோம்.
வேலி கிளுவை கிழிச்சுப்போட்டதுங்க
என்றான் வீட்டில்.
அவன் அப்பன் நம்பவில்லை, ஆனாலும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
புண் ஆறியது.
ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு தங்கிவிட்டது.

பாகப்பத்திரத்தின் நாலாம் பக்கத்தில்
இருக்கிறது அந்தக் கோடு,
இடது பெருவிரல், நீல மை.
'இது என் ரேகை இல்லை' என்கிறான் சிகாமணி.
நிபுணர் வேண்டியதில்லை.
அந்தக் கோட்டைப் போட்டவன் நான்.

பத்திரம் பதிந்த அன்று
அவன் மகள் கோயமுத்தூரில் ஐசியூவில் கிடந்தாள்.
பணம் கட்டியது நான்.
காகிதத்தை எடுத்துப் போனதும் நான்.
கிணறும் வண்டித்தடமும் என் பக்கம் விழுந்திருந்தன.
காட்டிய இடத்தில் எல்லாம் விரலை வைத்தான்.
அன்றைக்கும் நான் ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்.

செல்போன் வெளிச்சத்தில்
உருண்டையான ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறேன்.
சுட்ட மண்ணில் சுழி சுழியாக அவன் விரல்.
குறுக்கே கோடு இல்லை.
அடிபடும் முன்னால் அழுத்தியது.
இதை வைத்துப் பார்த்தால்
அவன் கோர்ட்டில் சொல்வது உண்மைதான்.

'கெடச்சுதாங்?'
கீழே ஏணியைப் பிடித்தபடி கேட்கிறாள்.
பத்திரம் பைக்குப் பின்னாலேயே இருக்கிறது,
தகரப் பெட்டியில்,
துரு என் விரலிலும் ஒட்டியிருக்கிறது.

பதில் சொல்லாமல்
வில்லின் நாணைக் கழற்றுகிறேன்.
கழன்றுவிட்டது.
மூங்கில் நிமிரவில்லை.